ஏ.எல்.எஸ் நோய்க்கு மருந்து இருக்கா? குற்றால எண்ணெய் முதல் மரபணு ஊசி வரை... எதை நம்பலாம்?

சாரல் சீசனில் குற்றாலத்துக்கு வருபவர்கள் எல்லோரும் ஜாலியாகக் குளிக்க மட்டும் வருவதில்லை. மூலிகை கலந்த அருவித் தண்ணீர், எண்ணெய் மசாஜ் என்று நரம்புத் தளர்ச்சிக்கு வழி தேடி வருபவர்களும் உண்டு. உடம்பு வலிக்கு மசாஜ் இதமாக இருக்கலாம். ஆனால், கை கால் தளர்ச்சிக்குக் காரணம் ஏ.எல்.எஸ் என்றால், எண்ணெயால் அதை நிறுத்த முடியாது. சரி, இங்கிலீஷ் மருந்தால் முடியுமா?

ஏ.எல்.எஸ் அப்படின்னா என்ன?

தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் நரம்பு செல்கள் மூளையிலும் தண்டுவடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அழியும் நோய் இது. சட்டை பட்டன் போட வராது, காலில் செருப்பு நிற்காது, பேச்சு குழறும். போகப்போக விழுங்குவதும் மூச்சு விடுவதும் சிரமமாகும். பெரும்பாலானவர்கள் அறிகுறி தொடங்கிய 2 முதல் 5 ஆண்டுகளில் உயிரிழக்கிறார்கள். 1963-ல் நோய் கண்டறியப்பட்ட விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் 2018 வரை வாழ்ந்தது அபூர்வமான விதிவிலக்கு.

இப்போது என்னென்ன மருந்துகள் இருக்கு?

ரிலுசோல்: 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து. ஆயுளைச் சராசரியாக 2, 3 மாதங்கள் நீட்டிப்பதாக ஆய்வுகள் காட்டின. இந்தியாவில் மாத்திரையாகக் கிடைக்கிறது. இதைச் சாப்பிடுபவர்கள் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

எடராவோன்: ஜப்பான் 2015-லும் அமெரிக்கா 2017-லும் அனுமதித்தன. நோயின் தொடக்க நிலையில் இருந்த சிலருக்கு மட்டும் பாதிப்பின் வேகம் குறைந்தது. ஆனால், வாய்வழி மருந்தாகக் கொடுத்து ஐரோப்பாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2024-ல் தோல்வியில் முடிந்தது.

டோஃபெர்சென்: 2023-ல் அமெரிக்கா அனுமதித்த இந்த மருந்தை முதுகுத்தண்டில் ஊசியாகச் செலுத்த வேண்டும். எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும்தான் இது. நோயாளிகளில் அவர்கள் சுமார் 2 சதவீதம்.

'நரம்பு ஊசி' போட்டால் போதுமா?

இங்கேதான் குழப்பம். நம்ம ஊரில் சாதாரணமாகப் போடப்படும் மெத்தில்கோபாலமின் ஊசிக்கு, அதாவது பி12 ஊசிக்கு, 2024-ல் ஜப்பான் ஏ.எல்.எஸ் சிகிச்சைக்காக அனுமதி தந்தது. ஆனால், அந்த டோஸ் 50 மில்லிகிராம். இங்கே வழக்கமாகப் போடுவது 1.5 மில்லிகிராம் வரைதான். ஆக, அது வேறு, இது வேறு. அங்கேயும் நோய் தொடங்கி ஓராண்டுக்குள் சேர்க்கப்பட்டவர்களிடம்தான் பலன் தெரிந்தது.

நம்பிக்கை தந்த மருந்து காணாமல் போனது ஏன்?

2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெலிவ்ரியோ பெரும் எதிர்பார்ப்பைக் கிளப்பியது. 2024-ல் பெரிய ஆய்வில் பலன் தெரியாததால், தயாரித்த நிறுவனமே அதைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. ஸ்டெம் செல் சிகிச்சையிலும் கவனம் தேவை. ஏ.எல்.எஸ் நோய்க்கு அதைக் காசு வாங்கிக்கொண்டு செய்வதற்கு 2017-ல் வெளியான இந்திய வழிகாட்டு நெறிமுறைகளில் இடமில்லை. ஆய்வாக மட்டுமே செய்யலாம்.

மெட்ராஸ் பெயரில் ஒரு நோய்

நரம்புத் தளர்ச்சி எல்லாமே ஏ.எல்.எஸ் இல்லை. இளம் வயதில் கை கால் மெலிந்து, முகத் தசை தளர்ந்து, காதும் கேட்காமல் போகும் ஒரு வகையை 1970-ல் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் பதிவு செய்தனர். 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்று உலகம் அழைக்கும் இது மெதுவாகத்தான் முற்றும். கழுத்து எலும்பு நரம்பை அழுத்துவதாலும் இதே போன்ற அறிகுறிகள் வரலாம். அதற்குத் தனி சிகிச்சை உண்டு. அதனால்தான் நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, என்ன நோய் என்று முதலில் உறுதி செய்ய வேண்டும்.

தென்காசியில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

காரணம் இல்லாமல் ஒரு கையோ காலோ மெலிந்துகொண்டே போனால், பேச்சு குழறினால் தள்ளிப்போட வேண்டாம். மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில் காட்டி, தேவைப்பட்டால் நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.

ஏ.எல்.எஸ் உறுதியானால் மாத்திரையோடு நின்றுவிடக் கூடாது. இரவில் மாஸ்க் வழியாக மூச்சுக்கு உதவும் கருவி பலருக்கு ஆயுளையே நீட்டிக்கிறது. விழுங்க முடியாதவர்களுக்கு வயிற்றில் பொருத்தும் உணவுக் குழாய் உதவும். பிசியோதெரபியையும் வலி நிவாரணக் கவனிப்பையும் வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது.

முழுசா குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. 'குணமாக்கிக் காட்டுறோம்' என்று யாராவது பணம் கேட்டால், நிலத்தை அடகு வைப்பதற்கு முன்பு ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.