மூடிய பெட்டியும் முகம் திருப்பிய ஆசிரியரும்

“மாணவன் கெடுவதற்கு வழிகாட்டுவதும் தலைமையாசிரியரின் பணிகளுள் ஒன்றோ?” என்று கேட்டார் நண்பர் ஒருவர். நெடுங்காலம் தமிழ் கற்பித்தவர், என்பால் அன்புடையவர். எங்கள் பாலிங் வட்டாரத்தில் என்னிடம் பயின்று சென்ற மாணவன் ஒருவன் வீட்டிலேயே விளையாட்டுக் கணினி ஒன்றை உருவாக்கினான். அதன் உறுப்புகளைத் தேர்ந்தெடுக்க நான் துணை நின்றேன் என்னும் செய்தி அவர் செவிக்கு எட்டியிருந்தது. கூட்டத்தின் தேநீர் இடைவேளையில் நின்றபடியே சொல்லி முடிக்கத்தக்க விடையன்று அது. ஆகவே இங்கே எழுதுகின்றேன்.

நண்பரின் அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. விளையாட்டில் தன்னை இழக்கும் நிலையை, 2019ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட நோய்ப் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனம் சேர்த்துள்ளது. விடியும்வரை விளையாடிவிட்டு வகுப்பில் உறங்கும் பிள்ளைகளை நானும் தட்டி எழுப்பியிருக்கின்றேன். ஆனால் அவர்களுள் பெரும்பாலோரைக் கெடுத்தது கைப்பேசி. எவரும் திறந்து பார்க்க இயலாத, எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாத பொருள் அது. கணினியை உறுப்பு உறுப்பாகத் தேர்ந்து, விலை கேட்டு, பொருத்தம் பார்த்துப் பூட்டுகின்றவன் வேறு வகையினன். இவ்விருவரையும் ஒரே கயிற்றால் கட்டுவது ஆசிரியர்க்கு அழகன்று.

நடந்ததைச் சொல்லிவிடுகின்றேன். 2023ஆம் ஆண்டில் அந்த மாணவன் என்னைத் தேடி வந்தான். “ஐயா, கேமிங் கணினி வாங்கலாமென்று இருக்கிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?” என்றான். “விளையாட்டுப் பெட்டிக்கு என்னிடமா யோசனை கேட்கிறாய்? போய்ப் பாடத்தைப் படி” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கடிந்துகொண்ட நிறைவோடு அன்று நன்றாகவே உறங்கினேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

நான் முகம் திருப்பினேன். கடைக்காரர் முகமலர்ச்சியோடு வரவேற்றார். அவன் தாயார் விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்தேறிச் சென்று, இருட்டிய பின் வீடு திரும்புபவர். அவருடைய ஊதியத்திலிருந்து தவணை கட்டுவதாகப் பேசி, 2,400 ரிங்கிட்டுக்கு ஒரு பெட்டி வீட்டிற்கு வந்தது. பக்கமெல்லாம் கண்ணாடி, உள்ளே தீபாவளி விளக்குப்போல் பல வண்ண ஒளி. விளையாட்டைத் தொடங்கினாலோ திரையில் ஓடுகின்றவன் விக்கி விக்கி ஓடினான். மூன்று வாரம் கழித்து, பெட்டியை ஒரு பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு மாணவன் மீண்டும் வந்தான். இம்முறை நான் துரத்தவில்லை. இருவருமாகத் திருகாணிகளைக் கழற்றினோம்.

‘ஐ7’ என்று சொல்லி விற்றிருந்தார்கள். பொய்யன்று, அதனால்தான் அது கொடிது. இண்டெல் நிறுவனத்தின் அந்த வரிசையில் ஐ3, ஐ5, ஐ7 என்பன ஒரே தலைமுறைக்குள் ஏறும் படிகள். எந்தத் தலைமுறை என்பதை அடுத்து வரும் எண்ணே சொல்லும். பெட்டியில் இருந்தது ஐ7-2600: இரண்டாம் தலைமுறை, 2011ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2022இல் வெளிவந்த பன்னிரண்டாம் தலைமுறை ஐ3-12100 அதனை எளிதில் விஞ்சிவிடும். பழைய செயலியைப் பழைய விலைக்கு விற்பதில் குற்றமில்லை. ‘ஏழு’ என்னும் எண்ணைக் காட்டிப் பன்னிரண்டாண்டு முதுமையை மறைப்பது வணிகமா? வரைகலை அட்டையோ 2014ஆம் ஆண்டின் ஜிடி 730; விளையாட்டுக்கென்று அன்றே பெயர் பெறாதது. விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்கும் தகுதி அச்செயலிக்கு இல்லை. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்தது.

மின்வழங்கியின் மேல் ‘500 வாட்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. அடியிலிருந்த சிறிய அட்டவணையைப் படிக்கச் சொன்னேன். 12 வோல்ட் தடத்தில் 18 ஆம்பியர். ‘பெருக்கு’ என்றேன். 216 வாட். செயலியும் வரைகலை அட்டையும் தம் ஆற்றலைப் பெறுவது பெரும்பாலும் இத்தடத்திலிருந்துதான். ஆர்எக்ஸ் 6600 என்னும் நடுத்தர அட்டைக்கு 132 வாட், சிக்கனமான செயலிக்கு 65 வாட் என்று வைத்தாலும் 197 ஆகிவிடுகின்றது. விசிறிக்கும் வட்டுக்கும் எங்கே போவது? ஈராண்டு கழித்துப் புதிய அட்டை வாங்கிப் பொருத்துகின்றவன், புகை வந்த பிறகே இதனை அறிவான். நான்காம் வகுப்புப் பெருக்கல் வாய்பாடு! அதை அவனுக்குக் கற்பித்தது நம் பள்ளி. எங்கே பயன்படுத்துவது என்று சொல்ல மறுத்தது என் வாய்.

‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க’ என்று பயிற்சிக் கல்லூரியில் நமக்குச் சொல்லித் தந்தார்களே, அது தேர்வுத்தாளில் எழுதுவதற்கு மட்டுந்தானா? வள்ளுவர் மூன்று அதிகாரங்களுக்குத் ‘தெரிந்து’ என்று தொடங்கும் பெயர் பெற்ற நூலைத் தந்தார். தெரிந்து செயல்வகையையும், தெரிந்து தெளிதலையும், தெரிந்து வினையாடலையும் மனனம் செய்விக்கின்ற நாம், இரண்டாயிரம் ரிங்கிட்டை வைத்துக்கொண்டு ஓர் இளைஞன் எதைத் தெரிவது என்று தவிக்கும்போது, ‘அது விளையாட்டு’ என்று விலகிக்கொள்கின்றோம்.

நம் ஊருக்கு இதில் தனிப் பாடம் உண்டு. 1974ஆம் ஆண்டில் ரப்பர் விலை வீழ்ந்தபோது பாலிங்கில் ஏழைச் சிறுதோட்டக்காரர்கள் திரண்டு தெருவுக்கு வந்தார்கள். விற்கும் பொருளுக்கும் பிறர் சொன்னதே விலை. வாங்கும் பொருளுக்கும் பிறர் சொன்னதே விலை. இந்த இரட்டைக் கட்டிலிருந்து முதற்கட்டை நம் கையால் அவிழ்க்க இயலாது போகலாம். இரண்டாம் கட்டையாவது எண்ணறிவால் தளர்த்தலாமே?

மறு ஆண்டு அவன் பகுதிநேர வேலை செய்து 1,500 ரிங்கிட் சேர்த்தான். “தவணையைக் கடைக்குக் கட்டாதே, உன் பெட்டிக்கே கட்டு” என்றேன். சொன்னது நான், வழி கண்டவன் அவன். வரைகலைத் திறனைத் தன்னுள்ளேயே கொண்ட ரைசன் 5 5600ஜி செயலியை முதலில் வாங்குவது. தனி அட்டையைப் பின்னர்ச் சேர்ப்பது. தாய்ப்பலகை ஏஎம்4 வகை. 2016இல் தோன்றிய அவ்வகைப் பொருத்துவாய் பல தலைமுறைச் செயலிகளை ஏற்றமையால், பின்னாளில் செயலியை மட்டும் மாற்றவும் இடமுண்டு. நினைவகம் 16 ஜிபி. அதனை ஒரே துண்டாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு. இரு மதகு திறந்த வாய்க்கால்போல் தரவு இரு தடத்தில் ஓடும். தனி அட்டை இல்லாத கணினி நினைவகத்தையே வரைகலைக்கும் கடன் வாங்குவதால், இங்கே அவ்வேறுபாடு கண்ணுக்கே தெரியும். மின்வழங்கியில் மட்டும் சிக்கனம் கூடாதென்று பிடிவாதம் பிடித்தேன். கண்ணாடிப் பெட்டி, திரை, தட்டச்சுப் பலகை மூன்றும் பழையவையே. ஒளிவிளக்கையும் அவன் விடவில்லை, இளைஞன்தானே!

சில மாதங்களுக்குப் பின் பயன்படுத்திய ஆர்எக்ஸ் 6600 ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினான். இரண்டு மணி நேரம் கடையிலேயே ஓட்டிப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுத்தான். மொத்தச் செலவு முதற்பெட்டியின் விலையை எட்டவில்லை. 2025இன் பிற்பகுதியிலிருந்து நினைவகத்தின் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தால், இன்று அதே பட்டியல் அதே தொகைக்குள் அடங்காது. பட்டியலை மனனம் செய்தவன் அதனால் திகைப்பான். கணக்கைக் கற்றவன் வேறு பட்டியல் போடுவான்.

செயலியைப் பொருத்துமுன் அதன் உலோக மூடியைத் தாயாரிடம் காட்டினான். அதில் ‘மலேசியா’ என்று பொறித்திருந்தது. இண்டெல் 1972இல் பினாங்கில் ஆலை அமைத்தது; ஏஎம்டியும் அங்கு வந்தது. 1996இல் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் பெண்களும் அரைநூற்றாண்டாக இவ்வட்டாரத்து ஆலைகளில் உருப்பெருக்கியின்முன் கண் பூக்க உழைத்திருக்கின்றார்கள். உலகுக்குச் சென்று திரும்பி வரும் அந்தச் சில்லு நம் பிள்ளைக்கு மாயப் பொருளாகத் தோன்றுமாயின், வெட்கப்பட வேண்டியவர் யார்?

‘தமிழில் இதற்கெல்லாம் சொல் உண்டா?’ என்று நண்பர் அடுத்துக் கேட்டார். 1985ஆம் ஆண்டிலேயே முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கியவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். சொல் இல்லாத குறையன்று, சொல்லாத குறை. அவன் ‘மதர்போர்ட்’ என்றான், நான் ‘தாய்ப்பலகை’ என்றேன். இரண்டு நாளில் அவனும் தாய்ப்பலகை என்றான், நான் ‘ரேம்’ என்று சொல்லத் தொடங்கியிருந்தேன். மொழி அதனால் செத்துவிடவில்லை.

அந்த ஐ7 செயலியும், ஜிடி 730 அட்டையும், 216 வாட் மின்வழங்கியும் இப்போது என் அறை அலமாரியில் இருக்கின்றன. மாணவன் அவற்றைப் பள்ளிக்கே கொடுத்துவிட்டான். வரும் விடுமுறையில் ஆறாம் வகுப்பினர் அவற்றைப் பிரித்துப் பார்க்கப் போகின்றார்கள். சொல்லிக்கொடுக்க அவனே வருகின்றான். நண்பரையும் அழைத்திருக்கின்றேன். வருவதாக இன்னும் சொல்லவில்லை.