வரிக் கணக்கை எழுத வேண்டியவர் யார்?

ஆனி கழிந்து ஆடி பிறக்கும்போது நம் அங்கத்தினர் பலருக்கு ஒரு கேள்வி எழுகின்றது. வருமான வரிக் கணக்கைத் தாமே எழுதித் தாக்கல் செய்வதா, அன்றிக் கூலி கொடுத்து ஒருவரிடம் ஒப்படைப்பதா என்பதே அக்கேள்வி.

‘உழவனுக்கும் நெசவாளிக்கும் வருமான வரி ஏது?’ என்று நகைப்போரும் உளர். அவர் கூற்று முழு உண்மை அன்று. வேளாண்மை வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை என்பது மெய்யே. ஆயினும் வயலோடு ஓய்வூதியம் பெறுவோரும், தறியோடு கடை வாடகை வாங்குவோரும் இன்று நம்மிடையே பலர். வைப்புத்தொகையின் வட்டி ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் வங்கி அதில் 10 விழுக்காட்டை வரியாகப் பிடித்துக்கொள்கின்றது. மூத்த குடிமக்களுக்கு அவ்வரம்பு 1,00,000 ரூபாய். வரி செலுத்த வேண்டாதவர் பணம் அவ்வாறு பிடிக்கப்பட்டிருந்தால், கணக்குத் தாக்கல் செய்தே திரும்பப் பெறல் வேண்டும். கடன் கேட்கப் போகும் இடத்திலும் வரிக் கணக்கின் நகலைக் கேட்கிறார்கள்.

நமது கருத்தைத் தெளிவாகவே கூறிவிடுகிறோம். எளிய கணக்கு உடையவர் அதனைத் தாமே எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். சிலை வடிக்கச் சிற்பி வேண்டும். அம்மியில் அரைக்கச் சிற்பி வேண்டுமோ? மயிலாடியில் வாழும் நமக்கு இவ்வேற்றுமையை எவரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஓய்வூதியமும் வங்கி வட்டியும் மட்டும் உள்ளவருடைய கணக்கு அம்மியில் அரைப்பதைப் போன்றது. வருமான வரித் துறையின் இணையதளத்தில் தாக்கல் செய்யக் கட்டணம் இல்லை. வங்கி பிடித்த வரியும், வரவு வைத்த வட்டியும் அங்கே முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தம் பாஸ்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே பெரும்பாலான வேலை. தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் அதனை உறுதி செய்யவும் வேண்டும்.

செலவை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் இதனை வற்புறுத்தவில்லை. யார் எழுதினாலும் கணக்குக்குப் பொறுப்பாளி அங்கத்தினரே என்பதை மறத்தல் ஆகாது. 2025 ஜூலையில் வருமான வரித் துறை நாட்டில் 150 இடங்களில் சோதனை நடத்தியது. கூலிக்குக் கணக்கு எழுதும் இடைத்தரகர் சிலர், இல்லாத கழிவுகளைக் காட்டிப் பெருந்தொகை திரும்பப் பெற்றுத் தந்ததும், அதில் ஒரு பங்கைத் தாம் எடுத்துக்கொண்டதும் வெளிப்பட்டன. தமிழ்நாடும் அவ்வறிக்கையில் குறிப்பிடப்பட்டது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தம் கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கோரிக்கைகளை விலக்கிக்கொண்டனர் என்றும் துறை அறிவித்தது. இன்னொரு சூழ்ச்சியும் கவனிக்கத்தக்கது. தரகர்கள் தாமே மின்னஞ்சல் முகவரிகளைத் தற்காலிகமாக உண்டாக்கிக் கணக்குகளைத் தாக்கல் செய்து, பின்னர் அவற்றைக் கைவிட்டனர். துறையிலிருந்து வந்த நோட்டீசுகள் உரியவர் கண்ணில் படவே இல்லை. வருமானத்தைத் தவறாகக் காட்டினால், தவிர்த்த வரியில் இரு மடங்கு வரை அபராதம் உண்டு. தரகர் தம் பங்கைப் பெற்றுப் போய்விடுவார். அபராதம் வீட்டுக்காரர் தலையில் விழும்.

நிற்க, கணக்காளரே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. தம் தோட்டத்து ரப்பர்ப் பாலைக் குறித்த சில வகைகளாகப் பதப்படுத்தி விற்பவர் வருமானத்தில் 35 விழுக்காடு வியாபார வருமானமாகக் கொள்ளப்படும். நிலம் விற்றவர், வியாபாரக் கணக்கு உடையவர் ஆகியோருக்கும் நுட்பமான விதிகள் பல உள. வேளாண்மை வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்பட்டால் ‘சகஜ்’ என்னும் எளிய படிவமும் பொருந்தாது. பிற வருமானம் வரி வரம்பைத் தாண்டுமிடத்து, வரி விகிதத்தைக் கணிக்க வேளாண்மை வருமானத்தையும் சேர்த்துக்கொள்வர். போதாக்குறைக்கு, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வருமாறு இயற்றப்பட்டுள்ளது. இத்தகைய இடங்களில் தகுதி பெற்றவர்க்குக் கொடுக்கும் கூலி வீண் செலவு அன்று. சங்கங்களுக்கும் இது பொருந்தும். குடிசைத் தொழில் சங்கத்தின் அத்தொழில் இலாபம் முழுவதற்கும் கழிவு உண்டு; ஆயினும் உரிய நாளுக்குள் கணக்குத் தாக்கல் செய்யாத சங்கம் அச்சலுகையை இழக்கும்.

ஒப்படைப்பவர் சில விதிகளைக் கைக்கொள்வாராக. மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் தம்முடையனவாகவே இருக்கட்டும். கடவுச்சொல்லைத் தாமும் வைத்திருக்கட்டும். ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுமுன் கணக்கைப் படித்துக் காட்டச் சொல்லட்டும். நகலை வாங்கி வைக்கட்டும். திரும்பி வரும் தொகையில் பங்கு கேட்பவரிடம் போகவே வேண்டாம். பட்டயக் கணக்காளர் சதவீதக் கணக்கில் கூலி பெறுவதைச் சில விலக்குகள் நீங்கலாக 1949ஆம் ஆண்டுச் சட்டமே ஒழுங்கீனம் என்கின்றது. 2006இல் மத்திய அரசு வகுத்த திட்டத்தில், பயிற்சி பெற்றுக் கணக்குத் தயாரிப்பவர் தாமும் அதில் கையொப்பமிட வேண்டும் என்று விதித்தார்கள். தம் பெயரை வெளியிட அஞ்சுபவர் கையில் நம் பெயரை ஒப்படைப்பது எங்ஙனம்?

தாமே எழுதவும் இயலாது, தகுந்தவரைத் தேடவும் வசதியில்லை என்போர் நம்மிடையே இருப்பர். மூத்தோர் பலர் அந்நிலையினரே. அவர்களுக்குத் துணை நிற்கவே கூட்டுறவு பிறந்தது. ஆடி மாதத்தில் சில மாலைப் பொழுதுகளேனும் சங்கக் கட்டடத்தில், கற்ற இளைஞர் ஓரிருவர் அமர்ந்து, அங்கத்தினர் அருகிலிருந்து தம் கையாலேயே கணக்கை நிரப்பும்படி உதவலாம். நிருவாகக் குழுவினர் இதனை அடுத்த கூட்டத்திலேயே ஆராய வேண்டுகிறோம். நம் வரவும் செலவும் நாம் அறிந்தவை; அவற்றை அரசுக்கு எடுத்துரைக்கும் ஏட்டையும் நாம் படித்தறிந்த பின்னரே அனுப்புதல் முறையாகும்.