ஆய்வு சொல்லிவிட்டது, அரசு எப்போது பதில் சொல்லும்?

தமிழ்நாட்டுக் கிராமத்து அங்கன்வாடியில் ஒரு பணியாளருக்கு எத்தனை வேலை என்று எழுதிப் பார்த்தால் தாள் நிறைந்துவிடும். பிள்ளைகளை எடை போட வேண்டும், உயரம் அளக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சத்துமாவு கொடுக்க வேண்டும். தடுப்பூசி நாளில் கிராம சுகாதாரச் செவிலியருக்குத் துணை நிற்க வேண்டும். வீடு வீடாகப் போய் வர வேண்டும். கிடைத்த விவரங்களையெல்லாம் கைபேசியைத் திறந்து போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். வாக்காளர் பட்டியல் வேலையும் பலர் தலையில் விழுகிறது. கூட இருக்கும் உதவியாளர் சமைத்து, முட்டை அவித்து, பிள்ளைகளைச் சாப்பிட வைத்துப் பாத்திரம் கழுவுவதற்குள் மதியம் தாண்டிவிடும். இத்தனைக்கும் நடுவில்தான் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் எண்ணும் எழுத்தும் சொல்லித்தர வேண்டும். ஊரில் எல்லோரும் அவரை ‘டீச்சர்’ என்றே கூப்பிடுகிறார்கள். டீச்சராக இருக்கத்தான் அவருக்கு நேரம் கிடைப்பதில்லை.

இந்த நிலைமையை மாற்ற என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு ஊகமாகப் பதில் சொல்லாமல், களத்திலேயே சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. நடந்த இடமும் தமிழ்நாடுதான்.

அலெஹாந்திரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் தமிழ்நாடு அரசோடு சேர்ந்து, நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் அவற்றில் பாதியைத் தேர்ந்து, அந்த மையங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பகுதி நேரப் பணியாளர் கொடுக்கப்பட்டார். முன்பருவக் கல்வியைக் கவனிப்பது அவர் பொறுப்பு. மற்ற மையங்கள் எப்போதும்போல் நடந்தன. எந்த மையத்துக்கு ஆள் கிடைக்கும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்ததால், வசதியான ஊர், கெட்டிக்கார அதிகாரி என்று வேறு காரணம் காட்ட இடமில்லை. பின்னால் தெரியும் வித்தியாசம் அந்தக் கூடுதல் ஆளால் வந்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

பதினெட்டு மாதங்கள் கழித்து அளந்தபோது, ஆள் சேர்த்த மையங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நேரம் இரண்டு மடங்காகியிருந்தது. அங்கே தொடர்ந்து வந்த பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். மொழியில் முன்னேற்றம் இன்னும் அதிகம். யாரையும் யோசிக்க வைக்கும் இன்னொரு செய்தியும் உண்டு: வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளின் விகிதமும், கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள பிள்ளைகளின் விகிதமும் அந்த மையங்களில் குறைந்திருந்தன.

பாடம் சொல்ல வந்தவரால் பிள்ளையின் உடம்பு எப்படித் தேறியது? விடை மையத்தின் அன்றாட வேலைப் பகிர்வில் இருக்கிறது. புதியவர் பாடத்தைப் பார்த்துக்கொண்டதால், பழைய பணியாளருக்குச் சத்துணவு, சுகாதாரம், பதிவேடு ஆகிய வேலைகளுக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது. இந்த ஏற்பாட்டின் பலன் செலவைப் போல் பல மடங்கு இருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. 2024ஆம் ஆண்டு இந்த ஆய்வு, பொருளியல் உலகின் முன்னணி இதழ்களில் ஒன்றான ‘ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமி’யில் வெளியானது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? ஒரு மையத்துக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர் என்பதே இன்றும் பொதுவான கணக்கு. அந்தக் கணக்கும் நிறைவாக இல்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அங்கன்வாடிகளில் 7,783 காலிப் பணியிடங்களை நிரப்ப அறிவிப்பு வெளியிட்டது. மாநிலத்தில் மொத்த மையங்கள் ஏறக்குறைய 54 ஆயிரம். மூன்றாவது ஆள் வந்தால் என்ன நன்மை என்று ஆய்வு நிரூபித்துக் காட்டிய மாநிலத்திலேயே, முதல் இரண்டு நாற்காலிகளும் பல ஊர்களில் காலியாகக் கிடந்திருக்கின்றன.

ஒன்றிய அரசின் பக்கமும் நிலைமை இதுதான். 2023இல் அது தொடங்கிய ‘போஷன் பி, படாயி பி’ திட்டம், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாள்தோறும் இரண்டு மணி நேரமாவது தரமான முன்பருவக் கல்வி கிடைக்க வேண்டும் என்கிறது. நோக்கம் நல்லது. அந்த இரண்டு மணி நேரம் ஏற்கெனவே நிரம்பி வழியும் ஒருவரின் நாளிலிருந்துதான் வர வேண்டும். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. இந்தக் காலத்தில் கடமைகள் கூடிக்கொண்டே வந்தன. ஆட்கள் அதே அளவில் கூடவில்லை.

வளரும் நாடுகளின் பொதுக்கொள்கையில் திரும்பத் திரும்பத் தென்படும் கோளாறு இது. புதுத் திட்டம் அறிவிப்பது எளிது. அதை ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆளைப் பற்றிப் பேசத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை. நல்ல பொருளியல் ஆய்வின் பயன் இங்கேதான் தெரிகிறது. வளர்ச்சி விகிதம், அந்நிய முதலீடு போன்ற பெரிய கேள்விகளோடு நின்றுவிடாமல், ஒரு மையத்தில் எத்தனை பேர் இருந்தால் பிள்ளை தேறும் என்ற சின்னக் கேள்வியையும் அது எடுத்துக்கொள்கிறது. அளந்து விடை சொல்கிறது.

தமிழ்நாடு விரைந்து செயல்பட்டதற்கும் சான்று உண்டு. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள் தன்னார்வலர்களாக மாலை வகுப்பு எடுத்தார்கள். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் கிராமப்புறத்தில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணக்கில் மிகவும் பின்தங்கியிருந்தார்கள். தமிழில் பின்னடைவு அதைவிடக் குறைவு. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று ஆய்வு மதிப்பிட்டது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் கூடுதலாக இழந்திருந்தார்கள். வகுப்புக்கு அதிகம் வந்தவர்களும் அவர்கள்தான். இடைவெளி குறைய அது உதவியது.

ஆய்வு வேண்டும் என்பதற்கு இன்னும் அழுத்தமான காரணத்தைப் பிற மாநிலங்கள் தருகின்றன. ஆந்திரத்தில் நூறு நாள் வேலைக் கூலியையும் முதியோர் ஓய்வூதியத்தையும் கைரேகை அட்டை வழியாகக் கொடுக்கும் முறையை ஓர் ஆய்வுக் குழு 157 மண்டலங்களில் ஆய்ந்தது. கூலி சீக்கிரம் வந்தது, இடையில் காணாமல் போகும் பணம் குறைந்தது, பயனாளிகளில் மிகப் பெரும்பாலோர் புது முறையே நல்லது என்றார்கள். ஜார்க்கண்டில் ரேஷன் கடைகளுக்கு ஆதார் கைரேகை வந்ததையும் அதே ஆய்வுக் குழு அளந்தது. அங்கே, ஆதாரை முன்பே இணைக்காதிருந்த குடும்பங்களுக்குக் கிடைத்த பொருளின் மதிப்பு சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. தொழில்நுட்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆந்திரத்தில் கைரேகை விழாதவர்க்கும் பணம் பெற வழி திறந்திருந்தது. ஜார்க்கண்டில் கடுமை கூடியிருந்தது; திருட்டைத் தடுக்க வந்த முறை உரியவரையும் வெளியே நிறுத்தியது. அளந்திருக்காவிட்டால் இரண்டையும் ‘டிஜிட்டல் புரட்சி’ என்றே எழுதியிருப்போம்.

இப்படிப்பட்ட ஆய்வுகளை விமர்சிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. சிறிய அளவில் வென்றது பெரிய அளவில் தோற்கலாம். கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர்களைத் தொண்டு நிறுவனம் அமர்த்தியபோது மாணவர் மதிப்பெண் கூடியது. அரசு அமர்த்தியபோது பலன் தெரியவில்லை. ஆகவே மூன்றாவது ஆளை ஒரே நாளில் 54 ஆயிரம் மையங்களிலும் போட வேண்டியதில்லை. பிள்ளைகள் அதிகமுள்ள மையங்களில் தொடங்கி, மாவட்டம் மாவட்டமாகப் பரப்பி, ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து பார்க்கலாம்.

இரண்டாவது விமர்சனம் கூலி பற்றியது. அது இதைவிடக் கனமானது. செலவு குறைவு என்று ஆய்வு சொல்லும்போது, அந்தக் குறைவு ஒரு பெண்ணின் சம்பளத்திலிருந்து வருகிறது. அங்கன்வாடிப் பணியாளருக்கு மதிப்பூதியம் என்ற பெயரில் ஒன்றிய அரசு 2018இல் நிர்ணயித்த தொகை மாதம் 4,500 ரூபாய். உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநிலங்கள் தம் பங்கைச் சேர்க்கின்றன. இவர்களுக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று சொல்லவே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. பல மடங்கு பலன் தரும் வேலை என்று கணக்கு காட்டினால், அந்த வேலைக்கு நியாயமான ஊதியம் கொடுத்தபின்னும் பலன் மிஞ்சும் என்பதையும் அதே கணக்கு காட்டுகிறது. குறைந்த கூலியை நியாயப்படுத்த ஆய்வைத் துணைக்கு அழைப்பது தவறு.

மெக்சிகோ ஒரு வழியைக் காட்டியது. 1997இல் ‘புரொகிரெஸா’ என்ற உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கும்போதே, 506 கிராமங்களில் சிலவற்றில் முதலிலும் மற்றவற்றில் பின்னரும் என்று பிரித்து அளக்க அரசே ஏற்பாடு செய்தது. முடிவுகள் எல்லோர் முன்னும் இருந்தன. 2000இல், எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட கட்சி தோற்றுப் புது ஆட்சி வந்தது. திட்டத்தின் பெயர் மாறியது, திட்டம் விரிந்தது.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் இருக்கிறது. திட்டங்களை மதிப்பிடுவதற்கென்றே ஒரு துறை உண்டு. ஆய்வு நிறுவனமான ‘ஜே-பால்’ உடன் 2014இலேயே அரசு ஒப்பந்தம் செய்தது. இல்லாதது ஒன்றே ஒன்று: ஆய்வின் முடிவுக்குப் பதில் சொல்லும் கடமை. அரசின் பங்கேற்போடு நடக்கும் ஒவ்வொரு ஆய்வின் முடிவும் எளிய தமிழில் வெளிவர வேண்டும். ஆறு மாதத்துக்குள் சம்பந்தப்பட்ட துறை ஏற்கிறதா, ஏற்கவில்லையா, ஏற்கவில்லை என்றால் ஏன் என்பதைச் சட்டப்பேரவையில் வைக்க வேண்டும். பணமில்லை என்பதுகூட ஒரு பதில்தான்; அதைச் சொன்னால் உறுப்பினர்கள் கேள்வி கேட்க முடியும், ஊதியம் பற்றிச் சங்கங்கள் பேச முடியும், பெற்றோருக்கும் விவரம் தெரியும். சமூக நலன், மகளிர் உரிமைத் துறையின் அடுத்த மானியக் கோரிக்கையிலேயே இதைத் தொடங்கலாம்: 320 மையங்களில் கிடைத்த முடிவு, அதைப் பரப்ப ஆகும் செலவு, முதலில் எடுத்துக்கொள்ளப்போகும் மாவட்டங்கள், அங்கே சேரும் பெண்களுக்குத் தரப்போகும் ஊதியம் ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும்.