மாத்திரைக்கு மறைப்பு எதற்கு?

காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் அதைப் பத்துப் பேருக்கு முன்னால் வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறான். சர்க்கரை வியாதிக்காரன் தன் ஊசியைப் பற்றிக் கல்யாணப் பந்தியிலேயே பேசுகிறான். ஆனால் மனத்திற்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடுகிறவன் மாத்திரம் அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறான். இது ஏன் என்றுதான் நாம் கேட்கிறோம்.

நாம் இங்கு எடுத்துக் கொண்ட விஷயம் சமூகப் பதற்றம் என்னும் நோயும், அதற்குக் கொடுக்கப்படும் மருந்தும், அம்மருந்தினால் உண்டாகும் பக்க விளைவுகளுமாகும். நாலு பேர் கூடிய இடத்தில் பேசவும், சாப்பிடவும், கையெழுத்துப் போடவுங்கூட முடியாமல் நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, வியர்த்துப் போய், அதற்குப் பயந்தே படிப்பையும் உத்தியோகத்தையும் விட்டு வீட்டுக்குள் அடைந்து கிடப்பது இந்நோயின் லட்சணம். இது வெறும் கூச்சமல்ல. அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தார் 1980-லேயே இதைத் தனி நோயாகத் தங்கள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

நம் தோழர்களிலேயே சிலர், "மேடை ஏறி நாலு தடவை பேசினால் எல்லாம் போய்விடும், இதற்குப் போய் மாத்திரையா?" என்று கேலி செய்கிறார்கள். கால் முறிந்தவனை ஓடிப் பார்த்தால் சரியாய்ப் போகும் என்று யாராவது சொல்லுவார்களா? நோயுள்ளவனைக் கோழை என்று ஏசுவது, நோயுள்ளவனைப் பேய் பிடித்தவன் என்று சொல்லுவதற்குத் தம்பி முறையே ஒழிய வேறல்ல. பகுத்தறிவுக்காரன் வாயில் வருவதால் மூடத்தனம் அறிவாகிவிடாது.

நிற்க, மருந்தைப் பற்றிப் பேசுவோம். செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம், பராக்செட்டின் என்பவை இந்நோய்க்கு அதிகமாகக் கொடுக்கப்படுபவை. முதலில் மனச்சோர்வுக்காக ஏற்பட்டபடியால் இவற்றை மனச்சோர்வு மருந்து என்றே அழைக்கிறார்கள். இவை மூளை நரம்புகளுக்கிடையே செரோடோனின் என்னும் பொருள் அதிக நேரம் தங்கும்படி செய்கின்றன. ஆனால் நம் உடம்பிலுள்ள செரோடோனினில் பெரும் பகுதி இருப்பது மூளையில் அல்ல, குடலில்தான். அதனால்தான் மருந்து தொடங்கிய புதிதில் வயிற்றுப் புரட்டலும், வயிற்றுப் போக்கும் ஏற்படுகின்றன. அதோடு தலைவலி, வாய் வறட்சி, வியர்வை, தூக்கம் கெடுதல் அல்லது பகலெல்லாம் தூக்கம் வருதல் ஆகியவையும் சிலருக்கு உண்டு. இன்னும் சிலருக்கு எந்தப் படபடப்புக்காக மருந்து சாப்பிட்டார்களோ அந்தப் படபடப்பே முதல் சில நாட்களில் அதிகமாகவும் கூடும்.

இங்கேதான் சங்கடம் பிறக்கிறது. தொந்தரவு முதல் நாளே வந்துவிடுகிறது. குணமோ தெரிய நாலு முதல் ஆறு வாரம், சிலருக்குப் பன்னிரண்டு வாரங்கூட ஆகிறது. இந்த இடைவெளியை யாரும் முன்கூட்டிச் சொல்லாததனால், நோயாளி நாலாம் நாளே மாத்திரையைக் குப்பையில் எறிகிறான். உடனே பாட்டி, "நான் அப்போதே சொன்னேனே!" என்கிறாள். பூசாரி தாயத்தோடு வருகிறான். ஜோசியன் சனி தசை என்கிறான். குடலில் நடக்கும் காரியத்துக்குக் கிரகத்தின் மேல் பழி போட்டு, தட்சணை வாங்கிக் கொண்டு போகிறான். ஆகவே மூடநம்பிக்கைக்கு வாசல் திறந்து விடுவது பக்க விளைவல்ல. அதைப் பற்றி ஒருவரும் பேசாத மௌனமே என்று நாம் சொல்லுவோம்.

ஆனால் செய்ய வேண்டியதோ மிகச் சாதாரணமானது. குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தும்படி டாக்டரைக் கேட்கலாம். வயிறு புரட்டினால் சாப்பாட்டுக்குப் பின் போட்டுக் கொள்ளலாம். தூக்கம் கெட்டால் காலையிலும், தூக்கம் வந்தால் இரவிலும் சாப்பிடுவதைப் பற்றி டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக் கொள்ளலாம். எந்தத் தேதியில் என்ன தொந்தரவு என்று ஒரு நோட்டில் குறித்துக் கொண்டு போனால் டாக்டருக்கும் சௌகரியம். இப்படிப்பட்ட தொந்தரவுகளில் பல சில வாரங்களில் தாமாகவே குறைந்துவிடுகின்றன. சாராயத்தை இம்மருந்தோடு சேர்க்கக் கூடாது. மூட்டுவலி மாத்திரைகளை இதோடு சாப்பிட்டால் ரத்தக் கசிவு உண்டாகக் கூடுமாதலால், வேறு எந்த மருந்து சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

தானாகக் குறையாத விளைவு ஒன்றும் உண்டு. ஆண் பெண் இருவருக்கும் சிற்றின்ப ஆசை குறைவதும், உச்சம் தாமதிப்பதும் இம்மருந்துகளால் நேரக் கூடியவையே. இதைச் சொல்ல வெட்கப்பட்டு எத்தனையோ பேர் மருந்தையே விட்டுவிடுகிறார்கள். புருஷனாவது எப்படியோ டாக்டரிடம் முணுமுணுத்துவிடுவான். பெண்சாதியோ வாய் திறந்தால் அவள் கற்பையே சந்தேகிக்கும் சமூகமல்லவா இது? அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், வழி இருக்கிறது. ஆனால் கேட்டால்தானே வழி? பெண்ணுக்கும் இன்பம் உரிமை என்று மேடையில் பேசுகிற நாம், அவள் வைத்தியரிடம் அதைப் பற்றிக் கேட்பதற்கும் உரிமை உண்டென்று சொல்ல வேண்டாமா?

இனி எச்சரிக்கையாயிருக்க வேண்டிய இரண்டு விஷயங்கள். முதலாவது, சிறு பிராயத்தவர் சிலருக்கு இம்மருந்து தொடங்கிய காலத்தில் தற்கொலை எண்ணம் அதிகப்படக் கூடுமென்று அமெரிக்க அரசாங்க மருந்து இலாகா 2004-ல் எச்சரித்து, 2007-ல் அவ்வெச்சரிக்கையை 24 வயது வரைக்கும் விரித்தது. ஆகவே முதல் வாரங்களில் வீட்டார் கூட இருந்து கவனிக்க வேண்டும். அப்படி ஏதும் தோன்றினால் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். இரண்டாவது, குணமாகிவிட்டதென்று ஒரே நாளில் நிறுத்தினால் தலைசுற்றலும், எரிச்சலும், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்ச்சியும் வரக் கூடும். கஞ்சா, அபினியைப் போல இது ஏங்க வைக்கும் போதையல்ல. ஆனால் டாக்டர் சொல்லும்படி கொஞ்சங் கொஞ்சமாகவே குறைக்க வேண்டும்.

இதனால் மருந்துக் கம்பெனிகளுக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ண வேண்டாம். பராக்செட்டினை 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதியில்லாமல் விளம்பரம் செய்தது முதலான குற்றங்களுக்காக, கிளாக்ஸோஸ்மித்கிளைன் கம்பெனி 2012-ல் குற்றத்தை ஒப்புக் கொண்டு 300 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. புரோகிதன் சொன்னதை அப்படியே நம்பக் கூடாதென்றால், கம்பெனி சொன்னதையும் அப்படியே நம்பக் கூடாதுதான். அன்றியும், மாத்திரை ஒன்றே வழியுமல்ல. இந்நோய்க்குப் பயிற்சியோடு கூடிய பேச்சு வைத்தியத்தையே முதலில் கொடுக்க வேண்டுமென்று இங்கிலாந்தின் நைஸ் நிலையத்தார் 2013-ல் வழிகாட்டியிருக்கிறார்கள். அதற்கு வசதியில்லாதவர்களுக்கும், அது போதாதவர்களுக்கும் மருந்து உதவுகிறது.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந் தேதி தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் வெந்தார்கள். 28 பேர் செத்தார்கள். மதத்தின் பேரால் வைத்தியம் என்பது அவர்களுக்குக் கொடுத்தது இரும்புதான். அதன் பிறகு வந்த 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதையே தடை செய்திருக்கிறது. அதே சட்டத்தின் 22-வது பிரிவு, தன் நோய் என்ன, கொடுக்கப்படும் மருந்தின் தெரிந்த பக்க விளைவுகள் என்ன என்பதை, தனக்குப் புரியும் பாஷையில் அறிந்து கொள்ளும் உரிமையை நோயாளிக்குக் கொடுத்திருக்கிறது. எனவே, "டாக்டர் ஐயா, இது என் உடம்பில் என்ன செய்யும்?" என்று ஒரு கூலிக்காரன் தமிழில் கேட்டால் அது அதிகப்பிரசங்கித்தனமல்ல, சட்டம். டாக்டர் பதில் சொல்லுவது தர்மமல்ல, கடமை. நேரில் போகக் கூச்சப்படுகிறவர்கள் 14416 என்ற அரசாங்கத் தொலைபேசி எண்ணில் செலவில்லாமல் பேசலாம்.

தோழர்களே! நாலு பேர் முன் வாய் திறக்கவே நடுங்குகிறவனைப் பார்த்து, போய் டாக்டரிடம் கேள்வி கேள் என்று சொல்லுவது சுலபமல்லவென்று நமக்குத் தெரியும். அவனுடைய நோயே அவன் வாயைக் கட்டுகிறது. ஆதலால் அவனோடு கூடப் போக வேண்டியது வீட்டாருடையவும் நண்பர்களுடையவும் பொறுப்பாகும். அவன் கேட்க வேண்டியதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். மாத்திரைப் பட்டையைப் பானைக்குள்ளிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசை மேல், சர்க்கரை மாத்திரைக்குப் பக்கத்தில் வையுங்கள். மனிதனுக்கு மனிதன் சமம் என்பது உண்மையானால், நோய்க்கு நோயும் சமம்தான் என்பது நமது அபிப்பிராயம்.