வந்து சேராத பாட்டியின் கடிதம்

1968-ம் வருடம். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு சின்ன ஃப்ளாட். பிரசவ தேதி நெருங்கிவிட்ட ஆஷிமாவுக்குக் கொல்கத்தா நடைபாதையில் பொட்டலம் கட்டித் தருவார்களே, அந்தக் காரப் பொரி மேல் ஆசை. டப்பாவில் வரும் ரைஸ் கிறிஸ்பீஸில் வேர்க்கடலை, வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு எலுமிச்சை பிழிகிறாள். கடுகெண்ணெய் இல்லை. ருசி சேரவில்லை.

ஜும்பா லாஹிரியின் 'தி நேம்சேக்' (2003) நாவல் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. தபுவும் இர்ஃபான் கானும் நடிக்க, மீரா நாயர் இயக்கிய படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்த்திருந்தாலும் புத்தகத்தை விட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டு வாழ்க்கை என்றாலே பனி, குளிர், விசா என்று எழுதுவார்கள். லாஹிரி நம்மை நேராகப் பிரசவ வார்டுக்கு அழைத்துப் போகிறார். பிறந்த பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் மூன்றே பேர். மூவரும் அந்த ஊரில் பழக்கமான வங்காளிகள். ரத்த உறவு ஒருவர்கூட இல்லை.

பெயர் வைக்க வேண்டியவர் ஆஷிமாவின் பாட்டி. எண்பதைத் தாண்டியவர், ஆண் பிள்ளைக்கு ஒன்று, பெண் பிள்ளைக்கு ஒன்று என எழுதி, தானே போய்த் தபாலில் சேர்க்கிறார். கடிதம் வரவே இல்லை. அதற்குள் பக்கவாதம் வந்து பாட்டிக்கு நினைவும் தப்பிவிடுகிறது. பெயர் இல்லாமல் டிஸ்சார்ஜ் கிடையாது என்கிறது ஆஸ்பத்திரி. வங்காளிகளுக்கு வீட்டில் கூப்பிட ஒரு பெயர், வெளியே ஒரு பெயர் உண்டு. வீட்டுப் பெயராக இருக்கட்டும் என்று அப்பா அசோக் 'கோகோல்' என்று வைத்துவிடுகிறார். ரஷ்ய எழுத்தாளரின் பெயர்!

அதற்கும் காரணம் இருக்கிறது. 1961-ல் ரயில் விபத்தில் சிக்கிய அசோக்கை, அவர் கையிலிருந்து விழுந்த கோகோல் புத்தகத்தின் ஒரு பக்கம்தான் மீட்புக் குழுவுக்குக் காட்டிக்கொடுத்தது. பிள்ளைக்கு இது தெரியாது. பெயர் பிடிக்காமல் 18 வயதில் 'நிகில்' என்று சட்டப்படி மாற்றிக்கொள்கிறான். கல்லூரியில் படிக்கும்போதுதான் அப்பா வாயைத் திறக்கிறார். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை? நம் வீட்டு அப்பாக்கள் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்களா என்ன!

நியூயார்க்கில் வேலைக்குப் போன மகன், காதலியின் வீட்டாரோடு ஒட்டிக்கொள்கிறான். சொந்த வீட்டுக்குப் போவது குறைகிறது. ஒரு காலத்தில் கொல்கத்தா கடிதத்துக்குக் காத்திருந்த ஆஷிமா, இப்போது சில மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் மகனின் போனுக்குக் காத்திருக்கிறாள். முன்பு அவள் பெற்றோர் கொல்கத்தாவில் அனுபவித்தது இதைத்தானே? லாஹிரி இதை எங்கேயும் சுட்டிக்காட்டுவதில்லை. நமக்கே உறைக்கிறது.

பின்பாதியில் வரும் கோகோலின் கல்யாணக் கதை எனக்குக் கொஞ்சம் இழுவையாகப் பட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலீஷ் எளிமைதான், பிளஸ் டூ பிள்ளைகளும் வாசித்துவிடலாம். கோகோலின் 14-வது பிறந்தநாளுக்கு அப்பா ஒரு புத்தகம் கொடுப்பார். பையன் அதை அலட்சியமாகத் தூக்கி வைத்துவிடுவான். அதை மறுபடி அவன் எப்போது கையில் எடுக்கிறான், உள்ளே அப்பா என்ன எழுதி வைத்திருக்கிறார் என்பதை இங்கே சொல்லமாட்டேன்.