தோற்றது பரீட்சையில்தான்

ஐந்தாம் வகுப்பு இந்தியில் என் பையன் ஃபெயில். மதுரையிலிருந்து டில்லிக்கு மாற்றல் வாங்கியது நான், மாட்டிக்கொண்டது அவன். நான் திட்டவில்லை. ஊருக்கு போன் போட்டு, "ரிசல்ட் இன்னும் வரலைம்மா" என்று புளுகினேன், அவ்வளவுதான். பக்கத்தில் நின்று கேட்டுவிட்டான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

2024 டிசம்பரில் வந்த மத்திய அரசு விதிப்படி, 5, 8ஆம் வகுப்புகளில் தோற்றால் இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு உண்டு. அதிலும் தோற்றால்தான் அதே வகுப்பு. சட்டமே இரண்டு மாதம் பொறுக்கிறது, நமக்கென்ன அவசரம்?

நேற்று அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "சாப்பிட்டியா ராசா?" என்றுதான் அவனிடம் கேட்டாள்.

ஊருக்கு மறைக்காதீர்கள் மக்களே. மறைத்தால், தான்தான் அந்த அவமானம் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.