கையெழுத்தா, தலையெழுத்தா?

"மண்டையிலே ஏறாது, மாடு மேய்க்கத்தான் லாயக்கு!"

பள்ளிக்கூடத்துச் சுவர்களுக்கு வாய் இருந்தால், அவை ஒப்புவிக்கும் முதற் பாடம் இதுவாகத்தான் இருக்கும். அத்தனை முறை கேட்டிருக்கின்றன அந்தச் சுவர்கள்! கெடிலக் கரையிலே கேட்கலாம் இந்தப் பேச்சை. தில்லைத் தெருக்களிலே கேட்கலாம். பரங்கிப்பேட்டையிலும் கிள்ளையிலும் காட்டுமன்னார்கோயிலிலும், எங்கெங்கு கரும்பலகை உண்டோ அங்கெல்லாம் கேட்கலாம். சொல்பவர் கொடியவரல்லர். பட்டம் பெற்றவர், பயிற்சி பெற்றவர், மாலையிலே மேடை ஏறினால் மனிதநேயம் பேசக் கூடியவர். எனினும், ஒரு சிறுவன் எழுத இயலாது விழிக்கும்போது அவர் வாயிலிருந்து வருவது பாட்டன் காலத்துத் தீர்ப்பு. பெற்றவளும் அதற்குத் தலையாட்டுகிறாள், "என்ன செய்வது, அவன் தலையெழுத்து" என்று. கையெழுத்து வரவில்லை என்று முறையிட்டால், தலையெழுத்து என்று மறுமொழி கிடைக்கும் விந்தை நாடு நமது நாடு!

நமது வகுப்பிலே ஒரு சிறுவன். கடலூர் முதுநகரை அடுத்த மீனவர் குப்பம்; வயது பன்னிரண்டு. வாடை எப்போது திரும்பும், கச்சான் வீசினால் கடல் எப்படி மாறும், எந்த மாதத்திலே எந்த மீன் படும் என்று கேட்டால், நாம் ஏடு எடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவு சொல்லுவான். வரலாற்றுப் பாடத்தை இன்று கேட்டால் நாளை வரிசை பிசகாமல் திருப்பிச் சொல்லுவான். எழுதச் சொன்னாலோ, பேனாவை உளிபோலப் பற்றி, தாள் கிழியும்படி அழுத்தி, அரைமணி நேரத்திலே மூன்று வரி. அந்த மூன்று வரியிலும் 'பள்ளி' 'பல்லி' ஆகியிருக்கும். 'தேன்' நெடிலிழந்து 'தென்' ஆகியிருக்கும். எழுத்துக்கள் கோட்டுக்கு மேலே ஏறும், கீழே சரியும், ஒன்றன்மேல் ஒன்று விழும். அவனுக்குத் தெரிந்தது எவ்வளவு என்பதை அந்தத் தாள் சொல்லாது. அவன் கை எவ்வளவு ஓடும் என்பதை மட்டுமே சொல்லும். ஆனாலும் பதிவேட்டிலே ஏறுவது என்ன? வரலாறு — சுழி!

இது சோம்பலா? திமிரா? முற்பிறவிப் பயனா? இங்கிலாந்து நாட்டு மருத்துவர் பிரிங்கிள் மார்கன், 1896 ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஏடொன்றிலே பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அறிவிலே குறைவில்லை, கண்ணிலே பழுதில்லை; ஆனால், தன் பெயரைக்கூட எழுத்து மாற்றி எழுதினான் அந்தச் சிறுவன். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடக்குமானால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினாராம். நூற்றுமுப்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. இன்று இதற்குப் பெயர் உண்டு, இலக்கணம் உண்டு. படிப்பிலே இடறுவது டிஸ்லெக்சியா, எழுதுவதிலே இடறுவது டிஸ்கிராபியா, எண்ணிலே இடறுவது டிஸ்கால்குலியா; மூன்றும் சேர்த்துக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்பர். பள்ளிப் பருவத்துக் குழந்தைகளிலே 100க்கு 5 முதல் 15 பேர் வரை ஏதேனும் ஒரு வகையிலே இதற்கு ஆளாகின்றனர் என்பது உளமருத்துவ நூல்கள் தரும் கணக்கு. நாற்பது பேர் கொண்ட வகுப்பென்றால் குறைந்தது இருவர்! அந்த இருவரும் எங்கே இருக்கிறார்கள்? கடைசி பெஞ்சிலே. சில நாள் வகுப்புக்கு வெளியே, முழந்தாளிட்டு.

தமிழ் எழுத்து இந்தக் குழந்தைகளுக்குத் தரும் தொல்லை தனி. ல, ள, ழ, ர, ற, ந, ன, ண — காதுக்கு ஒன்றுபோல் ஒலித்து, கைக்கு வேறுவேறாய் வளைபவை. 'கெ' என்று சொல்லும்போது ககர ஒலி முன்னே, எகரம் பின்னே. எழுதும்போதோ கொம்பு முன்னே, ககரம் பின்னே! 'கொ' என்றால் முன்னே ஒரு கொம்பு, பின்னே ஒரு கால், நடுவிலே எழுத்து. நமக்குப் பழகிவிட்டது, ஆகவே புலப்படவில்லை. எழுத்தின் சுமை குழந்தையின் சுமை என்பதைப் புலவர் பெருமக்களுக்கு முன்பே உணர்ந்தவர் பெரியார். 1935 ஆம் ஆண்டிலே குடியரசு இதழில் ணா, றா, னா, லை, ளை முதலியவற்றின் வடிவத்தை அவர் எளிதாக்கியபோது, தமிழுக்கு ஆபத்து என்று கூவியவர் உண்டு. 1978 இல் அரசு ஆணை பிறந்தது. இன்று கூவியவரின் பேரப்பிள்ளைகளும் அந்த எழுத்தைத்தான் எழுதுகிறார்கள்! எழுத்தையே குழந்தைக்காக வளைத்த நாட்டிலே, தேர்வு முறையை வளைக்கலாகாது என்று வாதிடுவது எந்த ஊர் நியாயம்?

பழைமை பேசுவோருக்கும் ஒன்று சொல்லி வைப்போம். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியிலே கோதண்டம் இருந்தது. சிறுவனைக் கயிற்றிலே தொங்கவிடும் கொடுமை. அங்கேயே மணலும் இருந்தது. விரலால் மணலிலே எழுத்தை வரைந்து, வாயால் உரக்கச் சொல்லி, கண்ணால் கண்டு கற்றனர் பிள்ளைகள். 1930களிலே அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்காமும் இத்தகைய குழந்தைகளுக்கென வகுத்த முறையும் கண், காது, கை மூன்றையும் ஒருங்கே பயிற்றுவதுதான். நாமோ மணலை எறிந்துவிட்டோம். கோதண்டத்தின் தம்பியான 'இம்போசிஷனை' மட்டும் போற்றி வளர்க்கிறோம்! எழுத வராதவனுக்குத் தண்டனை, அதையே நூறு முறை எழுது என்பது. கால் முறிந்தவனை அழைத்து, நீ ஓடாத குற்றத்துக்காக மைதானத்தை நூறு முறை சுற்றி ஓடு என்றால் ஊர் சிரிக்காதா? 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதன் 17 ஆம் பிரிவிலே உடலை வருத்துவதையும் தடுக்கிறது; உள்ளத்தை வதைப்பதையும் தடுக்கிறது. வகுப்பு நடுவே நிறுத்தி, கோழி கிளறினாற்போல் எழுதியிருக்கிறான் பாருங்கள் என்று நோட்டை உயர்த்திக் காட்டுவது எந்தக் கணக்கிலே சேரும்?

சட்டம் இல்லாமலா போயிற்று? 1995 ஆம் ஆண்டுச் சட்டத்திலே இந்தக் குறைபாட்டுக்கு இடமில்லை என்பது உண்மை. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடப்புக்கு வந்தது, இதற்கு இடமளித்தது. கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவிலே கண்டறிந்து, தக்க முறையிலே கற்பிக்க வேண்டியது பள்ளியின் கடமை என்கிறது 16 ஆம் பிரிவு. தேர்விலே கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு — இவற்றுக்கு வழி செய்ய வேண்டியது அரசின் கடமை என்கிறது 17 ஆம் பிரிவு. கடமை, சலுகையன்று! 2021 பிப்ரவரியிலே, எழுதும்போது கை மடங்கிப்போகும் குறைபாடுடைய குடிமைப்பணித் தேர்வர் ஒருவரின் வழக்கிலே, 40 விழுக்காடு என்ற அளவுகோலைக் காட்டிச் சொல்வதை எழுதுபவரை மறுத்தல் கூடாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரிலே, டிஸ்கிராபியா உள்ள மாணவி ஒருவருக்கு நீட் தேர்விலே கூடுதல் ஒரு மணி நேரம் தராதது தவறென்றும் கூறிற்று. டில்லியிலே தீர்ப்பு, தமிழகத்திலும் பொதுத்தேர்வுக்கு இந்த ஏற்பாடுகள் உண்டு. எங்கள் வகுப்பறைக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் நடந்து வந்துகொண்டே இருக்கிறது!

ஏன்? சான்றிதழ் கேட்கிறார்கள். கேட்கட்டும், தவறில்லை. ஆனால் அதனைப் பெறும் வழியைப் பாருங்கள். சென்னையிலே 1991 முதல் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் நல்ல பணி ஆற்றி வருகிறது. ஆங்கிலப் பள்ளியிலே பயிலும் பிள்ளையின் தந்தை அதனை அறிவார். காரிலே அழைத்துச் செல்வார். சோதனை, சான்று, பயிற்சி எல்லாம் முறையாக நடக்கும். கிள்ளையிலே மீன் கூடை சுமக்கும் தாய்க்கு அந்தச் சொல்லே தெரியாது. தெரிந்தாலும், வட்டார வள மையம், மருத்துவ முகாம், மருத்துவமனையிலே குழந்தை மருத்துவர், உளவியலார், பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் என்று படியேற வேண்டும். சிதம்பரத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஒரு முறை போய்வந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. "அடுத்த வாரம் வாம்மா" என்றால் இன்னொரு கூலி. நோய்க்குறி இருவர் பிள்ளைக்கும் ஒன்றுதான். பணக்காரன் மகனுக்கு அது குறைபாடு. ஏழை மகனுக்கு அது மக்குத்தனம்!

இங்கேதான் எழுகிறது அந்தப் பழைய கூக்குரல்: "தகுதி கெட்டுவிடுமே, திறமை போய்விடுமே! ஒருவனுக்கு மட்டும் ஒரு மணி நேரம் அதிகமா?" எங்கேயோ கேட்ட குரல் அல்லவா இது? இடஒதுக்கீட்டுக்கு எதிராக ஓயாது ஒலித்த குரல். கண்ணாடி அணிந்து தேர்வெழுதுபவனைத் தகுதியற்றவன் என்று எவரேனும் சொல்வதுண்டா? வரலாற்றுத் தேர்வு அளப்பது வரலாற்று அறிவையா, விரல் வேகத்தையா? "எழுத வராவிட்டால் என்ன, அப்பனோடு கடலுக்குப் போகட்டும்" என்று இரக்கத்தோடு அறிவுரை கூறுவோரும் உளர். அந்த அறிவுரைக்கு 1953 இல் வேறொரு பெயர் இருந்தது: குலக்கல்வித் திட்டம்! அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்றார் ஆச்சாரியார். நாடே கொதித்தெழுந்தது, 1954 இல் காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது. திட்டமாய் வந்ததை வாசலிலே விரட்டினோம், தோழர்களே. தேர்ச்சி விகிதம் என்னும் பெயரிலே அது கொல்லைப்புறமாக நுழைகிறது. ஒன்பதாம் வகுப்பிலே, "பத்தாம் வகுப்பு ரிசல்ட் கெட்டுவிடும், பையனை வேறெங்காவது சேருங்கள்" என்று நயமாகச் சொல்லி அனுப்பும் பள்ளிகள் இல்லையா? தாழ்த்தப்பட்டோர் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்றிருந்த காலத்திலே, 1916 இல், சிதம்பரத்திலே நந்தனார் பெயரால் பள்ளி கண்டார் சகஜானந்தர். அந்த மண்ணிலே நின்றுகொண்டு, இவனுக்குப் படிப்பு ஏறாது என்று சொல்ல நா எப்படி எழுகிறது!

பசி படிப்பைத் தடுக்கிறது என்றபோது, பசித்தவன் தகுதியற்றவன் என்று தமிழகம் சொல்லவில்லை. 1920 இல் சென்னை மாநகராட்சியிலே நீதிக்கட்சியினர் சோறிட்டனர். 1956 இல் காமராசர் அதனை நாடெங்கும் விரித்தார். 1982 இல் சத்துணவு. 2022 இல் காலை உணவு. தொலைவு தடுத்தபோது சைக்கிள் வந்தது. 2022 இல் எண்ணும் எழுத்தும் வந்தது. நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் பொதுவாக எல்லோருக்கும் கற்பிக்கும் முறை, எழுத்தே தடையாய் நிற்கும் குழந்தைக்குப் போதாது. அவனுக்கு வேண்டியவர் சிறப்புப் பயிற்றுநர். தேவையுள்ள குழந்தைகள் தொடக்கப் பள்ளியிலே 10 பேருக்கு ஒருவர், மேல் வகுப்புகளிலே 15 பேருக்கு ஒருவர் வேண்டும் என்று 2021 அக்டோபரிலே உச்சநீதிமன்றம் கூறிற்று. வட்டார வள மையத்திலிருந்து ஒருவர் பல பள்ளிகளைச் சுற்றி வருகிறார். பேருந்துக்குக் காத்திருந்த நேரம் போக மீதி நேரம்தான் குழந்தைக்கு. அவர் மீது குறை சொல்ல நமக்கு மனமில்லை.

1929 இல் எழுந்த பல்கலைக்கழகம் அண்ணாமலை நகரிலே இருக்கிறது. கல்வியியல் துறை உண்டு, உளவியல் துறை உண்டு, அருகிலேயே மருத்துவக் கல்லூரி. வாரம் ஒரு நாள் இந்த மூன்றும் ஓரிடத்திலே கூடி, சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் வட்டங்களின் குழந்தைகளைச் சோதித்து, அன்றே சான்றுக்கு வழி செய்தால் எத்தனை தாய்மாரின் கூலி மிஞ்சும்! பயிற்சி பெறும் ஆசிரியர் ஒவ்வொருவரும் இத்தகைய குழந்தை ஒருவனுக்கு ஒரு பருவம் கற்பித்த பின்னரே பட்டம் என்று விதித்தால் என்ன?

அதுவரை வகுப்பறையிலே செய்யக் கூடியதற்கு அரசாணை வேண்டியதில்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்லாமல் குறிப்பை நகலெடுத்துக் கொடுக்கலாம். திங்கள் தேர்விலே வாய்மொழியாகக் கேட்டு மதிப்பெண் இடலாம். கருத்துக்கு ஒரு மதிப்பெண், எழுத்துப்பிழைக்கு வேறு கணக்கு என்று பிரிக்கலாம். அகன்ற கோடிட்ட நோட்டு வாங்கித் தரலாம்.

பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. எட்டு வயது ஆகிவிட்டதா, மூன்றாம் வகுப்பு ஆகிவிட்டதா, வாயிலே வருவது கையிலே வரவில்லையா? வெள்ளைத் தாளிலே நான்கு வரி எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் எவரையேனும் எழுதச் சொல்லுங்கள். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி என் பிள்ளையைச் சோதிக்க ஏற்பாடு செய்க என்று தலைமையாசிரியருக்கு விண்ணப்பம். பொதுத்தேர்வுக்குரிய வேண்டுகோள் பல திங்கள் முன்பே போய்ச் சேரவேண்டுமாகையால், பத்தாம் வகுப்பு வரட்டும் என்று இராதீர்கள். மனுவை நேரிலே கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குத் தேதியிட்ட ஒப்புகை வாங்காமல் அந்த அறையை விட்டு வெளியே வராதீர்கள்.